அழிப்பதா, கோடிடுவதா?
நூதனசாலைகள் தம்மைத் திருத்திக்கொள்வது பற்றி

பாடசாலை வரவு இடாப்பில் ஓர் ஒழுங்கு உண்டு. வந்த பிள்ளையை வரவில்லை என்று பதிந்துவிட்டால் அதை இறப்பரால் அழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசவும் கூடாது. தவறின்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். கோட்டுக்கு அடியில் கிடக்கும் பழைய எழுத்தை எவரும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பிள்ளையின் அப்பியாசக் கொப்பிக்கு இந்த ஒழுங்கு இல்லை. அது பழகும் இடம். அழித்து எழுதலாம், தாளைக் கிழித்தும் விடலாம். இடாப்போ பின்னால் வருபவருக்குச் சாட்சி சொல்ல வேண்டிய பொருள்.

நூதனசாலை இவ்விரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது? அங்கே காட்சிகள் மாறிக்கொண்டேயிருக்கின்றன. ஒரு மீனின் விஞ்ஞானப் பெயர் மாறினால் பெயர்ப்பலகையைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் போகலாம். மீன் மனம் நோவதில்லை. சிக்கல் தொடங்குவது, பறவையும் பாம்பும் இருக்கும் அதே கூரையின் கீழ் மனிதனையும் கொண்டுவந்து நிறுத்தும்போதுதான். அந்தக் காட்சி தவறு என்று பின்னால் உணரப்பட்டால் என்ன செய்வது? அகற்றிவிடுவதா, அல்லது இது எங்கள் தவறு என்று எழுதி அங்கேயே வைத்திருப்பதா? இதை வெறும் நிர்வாகக் கேள்வியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கேப் டவுன் நகரிலுள்ள தென்னாபிரிக்க நூதனசாலை 1825இல் தொடங்கப்பட்டது. இயற்கை வரலாறும் ஆபிரிக்க மக்களின் பண்பாடும் அங்கே ஒன்றாகவே இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பணிப்பாளராக இருந்தவர் லூயி பெரிங்கே. அவர் அடிப்படையில் பூச்சியியலாளர், வண்டுகளை ஆராய்ந்தவர். 'புஷ்மன்' என்று வெள்ளையர் அழைத்த சான் மக்கள் அழிந்துபோகும் இனம் என்றும், அழியுமுன் அவர்களது உடலமைப்பைப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்றும் அவர் கருதினார். நூதனசாலையின் சிற்பி ஜேம்ஸ் ட்றூரி 1907 முதல் 1924 வரையான காலத்தில் உயிரோடிருந்த மனிதர்களின் உடல்மீது பரிசுச் சாந்து பூசி அறுபதுக்கு மேற்பட்ட அச்சுகளை எடுத்தார். ஓர் இனம் ஏன் அழிகிறது, அதை யார் அழிக்கிறார்கள் என்ற கேள்வி அந்த வேலைத்திட்டத்தில் இருக்கவில்லை. அச்சு எடுப்பது மட்டுமே இருந்தது.

1960ஆம் ஆண்டளவில் அந்த உருவங்களுட் சிலவற்றுக்குத் தோலாடை அணிவித்து, கரூ வரண்ட நிலத்தில் ஒரு வேட்டைக்கார முகாம் போலக் கண்ணாடிக்குப் பின்னால் அமைத்தார்கள். அந்தக் காட்சிக்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டது சாமுவேல் டேனியல் என்ற ஆங்கில ஓவியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய ஒரு படம். இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. ஆபிரிக்காவை வரைந்த அதே டேனியல் பின்னர் இலங்கைக்கு வந்து, இங்குள்ள நிலக்காட்சிகளையும் விலங்குகளையும் மக்களையும் வரைந்து 1808இல் நூலாக வெளியிட்டவர். 1811இல் இந்த மண்ணிலேயே இறந்தவர். அவருடைய நூலின் தலைப்பிலும் விலங்குகளும் சுதேசிகளும் அடுத்தடுத்தே வருகின்றன. அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தக் கண் எதையெல்லாம் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தது என்பதைச் சொல்லத்தான்.

அறுபதுகளில் இன்னொன்றும் நடந்தது. வெள்ளையரின் வரலாற்றுப் பொருட்கள் அந்த நூதனசாலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, தனியான பண்பாட்டு வரலாற்று நூதனசாலைக்குப் போயின. கறுப்பு மக்கள் திமிங்கிலத்தோடும் சிங்கத்தோடும் பழைய கட்டடத்திலேயே விடப்பட்டார்கள். ஒரு சாராருக்கு வரலாறு, மறு சாராருக்கு இயற்கை. எந்தச் சட்டப் புத்தகத்தையும் விரிக்காமல், ஒரு பிள்ளை ஒரு பகல் நேரச் சுற்றுலாவிலேயே இனவாதத்தைக் கற்றுக்கொள்ள இந்த ஒழுங்கு போதுமானது.

அந்தக் காட்சி மிகவும் பிரபலமாக இருந்தது. பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். எண்பதுகளின் இறுதியில், இந்த உருவங்கள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதை விளக்கும் சிறு காட்சியொன்று பக்கத்தில் வைக்கப்பட்டது. கோடு இழுத்துத் திருத்தும் முறை அது. ஆனால் பிள்ளைகள் கண்ணாடிக்குள் இருந்த உருவங்களைத்தானே பார்த்திருப்பார்கள்! எழுத்தை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்? 2001 ஏப்ரலில் அந்தக் காட்சி பார்வையாளருக்கு மூடப்பட்டது. உடைக்கப்படவில்லை, மறைக்கப்பட்டது. சான், கொய்கொய் வழிவந்தவர்களிடையேயும் அது பற்றி ஒரே கருத்து இருக்கவில்லை. அவமானம் நீங்கியது என்றார்கள் சிலர். எங்கள் மூதாதையரின் முகம் இருந்த ஓரிடமும் போய்விட்டது என்றார்கள் வேறு சிலர். இரண்டாமவரின் துயரத்தை அறியாமை என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை.

இதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1996இல், கேப் டவுன் தேசிய கலைக்கூடத்தில் பிப்பா ஸ்கொட்னஸ் என்ற கலைஞர் ஒரு கண்காட்சியை ஒழுங்குசெய்தார். அச்சு எடுத்தவர்களின் கொடுமையை அம்பலப்படுத்துவதே அவரது நோக்கம். உடலுறுப்புகளின் வார்ப்புகள் வைக்கப்பட்டன. தரை விரிப்பில் பழைய பத்திரிகைச் செய்திகளும் படங்களும் அச்சிடப்பட்டிருந்தன. பார்வையாளர் அவற்றின்மேல் நடந்துதான் போக வேண்டும். நாமும் மிதிக்கிறோம் என்று உணர வைக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் பார்க்க வந்த கொய்சான் மக்கள் கண்டது தங்கள் முன்னோரின் முகத்தின்மேல் சப்பாத்துக் கால்கள் நடப்பதை. அவர்கள் கொதித்தார்கள். கண்காட்சியின் நோக்கத்தை எடுத்துச் சொல்லி அந்தக் கோபத்தைத் தணித்திருக்க முடியுமென்று நான் நம்பவில்லை. நோக்கம் நல்லதாக இருக்கலாம். குற்றவாளியின் வெட்கத்தைக் காட்டுவதற்காகப் பாதிக்கப்பட்டவனின் நிர்வாணம் இரண்டாம் தடவையும் வெளியே எடுக்கப்பட்டது.

என் கருத்து இங்கேதான் ஊன்றி நிற்கிறது. ஒரு நூதனசாலை தன் தவறை ஒப்புக்கொள்ளும்போது யாருடைய உடலைக் காட்டுகிறது என்று கேட்க வேண்டும். தன்னுடையதைக் காட்டினால் அது ஒப்புதல். மற்றவனுடையதைக் காட்டினால் அது பழைய காட்சியேதான், பலகைதான் புதிது.

நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1939இல் அங்கே அமைக்கப்பட்ட ஒரு காட்சியில் ஒல்லாந்த ஆளுநர் பீற்றர் ஸ்டைவசன்ற் 1660இல் லெனாப்பி மக்களைச் சந்திக்கிறார். லெனாப்பியர் அரைகுறை ஆடையோடு இருக்கிறார்கள். பெண்கள் பின்னால் தலைகுனிந்து சுமை சுமக்கிறார்கள். 2018இல் நூதனசாலை இதனை அகற்றவில்லை. கண்ணாடியின் மேலேயே பெரிய எழுத்தில் திருத்தங்களை ஒட்டியது: இத்தகைய சந்திப்புக்கு அவர்கள் நல்லாடை அணிந்தே வந்திருப்பார்கள், பெண்களுக்குத் தலைமைப் பொறுப்புகள் இருந்தன என்றவாறு. எழுத்தைத் தாண்டித்தான் உருவத்தைப் பார்க்க முடியும். இதனை நான் ஏற்கிறேன். ஏனெனில் அங்கே நிற்பவை 1939இல் ஒருவருடைய கற்பனை செய்த பொம்மைகள். அவை எந்த மனிதனின் தோலிலிருந்தும் உரித்தெடுத்த அச்சு அல்ல. அந்தக் காட்சி நூதனசாலையின் சொந்த மனம். அதன்மேல் கோடு போடும் உரிமையும் கடமையும் அதற்கு உண்டு.

அதே நூதனசாலையில் கோடிட்டுத் தீராத கணக்கும் இருந்தது. 1897இல் றொபேட் பியரி கிறீன்லாந்திலிருந்து ஆறு இனுயிட் மக்களை அங்கே கொண்டுவந்தார். நால்வர் விரைவில் நோயால் இறந்தனர். அவர்களுள் ஒருவரான கிசுக்குக்கு மினிக் என்ற சிறுவயது மகன். அந்தப் பிள்ளையின் கண்முன்னே நூதனசாலை வளவில் ஓர் அடக்கம் நடந்தது. அடக்கப்பட்டது தோலால் சுற்றிய மரக்கட்டை. தகப்பனின் எலும்புகள் ஆய்வுக்காக உள்ளே வைக்கப்பட்டன. பின்னாளில் உண்மை தெரிந்து மினிக் அவற்றைக் கேட்டார், கிடைக்கவில்லை. 1918இல் அவர் இறந்தார். எலும்புகள் 1993இல்தான் கிறீன்லாந்தின் கானாக் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. இங்கே எந்த விளக்கப் பலகையும் பரிகாரமாகாது. திருப்பிக் கொடுப்பது மட்டுமே திருத்தம். 2023 ஒக்டோபரில் அந்த நூதனசாலை மனித எச்சங்கள் அனைத்தையும் காட்சியிலிருந்து அகற்றுவதாக அறிவித்தது.

அப்படியானால் மூடிவிட்டால் போதுமா என்று கேட்கலாம். போதாது. வெறும் சுவரும் பொய் சொல்லும். 2001க்குப் பின்னர் பிறந்த ஒரு பிள்ளை கேப் டவுனில் அந்தச் சுவரைத் தாண்டிப் போகும்போது, அங்கே எதுவும் இருக்கவில்லை என்று நினைத்தால், பெரிங்கேக்குத்தான் அது இலாபம். சான் மக்களின் உருவங்களை மூடுங்கள். அச்சு எடுத்தவரின் கடிதங்களையும் கணக்குப் புத்தகத்தையும் சாந்து கலக்கிய பாத்திரத்தையும் திறந்து வையுங்கள். வெட்கப்பட வேண்டியவருடைய பொருட்கள் அவைதான். இன்னொன்றும் கேட்பேன்: நூதனசாலையின் ஒவ்வொரு விளக்கப் பலகையிலும் அதை எழுதிய ஆண்டும் எழுதியவர் பெயரும் இருக்கட்டும். கூரையிலிருந்து அசரீரி பேசுவதுபோல ஒலிக்கும் அந்த வாசகங்களும் ஒரு மனிதன் ஒரு காலத்தில் எழுதியவைதான். இன்றைய திருத்தத்துக்கும் நாளை கோடு விழும்.

அந்நகரின் போ-காப் பகுதியில் 1978இல் ஒரு சிறு நூதனசாலை திறக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முஸ்லிம் குடும்பமொன்றின் வீடாக அது அலங்கரிக்கப்பட்டிருந்தது. இனஒதுக்கல் அரசு மக்களைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் குடியேற்றிய காலத்தில், வெளியே தெருவில் உயிரோடு நடமாடிய முஸ்லிம்களுக்கு உள்ளே ஒரு பழைய வீடு. அழகாக இருந்தது என்று நாம் மகிழலாம். ஆனால் அழகாகக் காட்டுவதும் காலத்தில் உறைய வைப்பதுதான்.

வெள்ளையரின் பண்பாட்டு நூதனசாலை குடியேறிய கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது 1679இல் ஒல்லாந்தக் கம்பனி தன் அடிமைகளை அடைத்து வைக்கக் கட்டியது. மடகஸ்கார், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள் கேப் டவுனில் அடிமைகளாக இருந்தனர். நீண்ட காலமாக அங்கே தளபாடங்களும் கிரேக்க, எகிப்தியத் தொல்பொருட்களும் காட்சிக்கு இருந்தன. அடிமைகளைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. 1998இல் கட்டடத்தின் பெயர் 'அடிமை விடுதி' என்று மாற்றப்பட்டது. இப்போது அங்கே ஒளியேற்றிய தூண் ஒன்றில் அடிமைகளின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்நாளைய ஆவணங்களில் அத்தகையோர் பலருக்குத் தகப்பன் பெயர் இல்லை. 'இலங்கையைச் சேர்ந்த' என்பதே பின்பெயராக இருந்தது. முன்பெயரும் பல வேளைகளில் எசமான் இட்டது. செப்டெம்பர், பெப்ரவரி என்று மாதங்களின் பெயரை வைத்தார்கள். தாய் அழைத்த பெயர் எந்த ஏட்டிலும் இல்லாதபோது, அந்தத் தூணில் எதை எழுதுவது?