முள்ளால் தைத்த துணி

திருத்தமாக உடுத்திய ஆணின் தோற்றம் ஏன் கண்ணைக் கவர்கிறது என்னும் கேள்விக்குத் திருவண்ணாமலையில் விடை தேடுவது எளிதன்று. திருமால் அலங்காரப் பிரியர், சிவனோ அபிஷேகப் பிரியர், அதாவது நீரும் பாலும் திருமேனியில் வார்க்கப்படுவதையே விரும்புபவர் என்பது தமிழ் வழக்கு. அச்சிவனுக்குரிய இவ்வூருக்கு 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் வந்து சேர்ந்த ரமணர், உடுத்திருந்த வேட்டியில் கௌபீனம் எனப்படும் கோவணத்துக்கு வேண்டிய அளவைக் கிழித்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிட்டார்.

ஆனால் மலையில் வாழ்ந்த நாள்களில் கோவணம் கிழிந்தபோது, அதிலிருந்தே நூலை உருவி, ஒரு முள்ளில் இன்னொரு முள்ளால் துளையிட்டு ஊசியாக்கி, பிறர் கண்ணில் படாமல் அதைத் தைத்துக்கொண்டதாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். கேட்டால் புதுத் துணி தர அடியார்கள் இருந்தனர். எவரிடமும் எதையும் கேட்பதில்லை என்ற உறுதி இச்செயலை ஓரளவு விளக்குகிறது, எனினும் முள்ளில் துளையிடும் அந்தப் பொறுமையை அது முழுவதும் விளக்கிவிடவில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழி கேட்பது விலையை அன்று, அக்கறையை; அந்த அக்கறைதான் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளை வேட்டி சட்டையிலும் கண்ணைக் கவர்கிறது என்று கொள்ள இடமுண்டு. நல்ல கோட்டின் மார்புப் பகுதியில், மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே கான்வாஸ் என்னும் விறைப்பான துணி வைத்துத் தைக்கப்படுகிறது. அத்தையலும் மறைந்தே இருக்கிறது, ஆனால் நெஞ்சு நிமிர்ந்து தெரிய வேண்டும் என்பதற்காகவே மறைந்திருக்கிறது. முள் தையலுக்கு அப்படிப்பட்ட நோக்கம் எதுவும் இல்லை.

ரமணரின் தந்தை சுந்தரமய்யர் திருச்சுழியில் வழக்காடுதலைத் தொழிலாகக் கொண்டவர். கோட்டும் தலைப்பாகையும் அத்தொழிலுக்கு மதிப்புத் தந்த காலம் அது. உடை மனிதனுக்கு முன்னே சென்று அவனுக்கு இடம் பிடிப்பதைச் பின்னாளில் ரமணர் எனப்பட்ட சிறுவன் வேங்கடராமன் அவ்வீட்டுத் திண்ணையிலேயே பார்த்திருக்கக்கூடும். அந்த மதிப்பின் மறுபக்கம் 2014 ஜூலையில் வெளிப்பட்டது: சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் வேட்டி அணிந்திருந்த காரணத்தால் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க மன்றத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதமே அத்தகைய தடையைக் குற்றமாக்கும் சட்டம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. அம்மன்றத்தின் வாசல் கேட்டது தூய்மையையோ ஒழுங்கையோ அன்று, காலனிய காலத்திலிருந்து தொடரும் ஓர் அந்தஸ்தை. ஆகவே கோட்டின் கவர்ச்சியில் பெரும்பங்கு அதிகாரத்தின் கவர்ச்சியே என்று முடிவு செய்யத் தோன்றுகிறது.

அம்முடிவும் நிலைக்கவில்லை. திருவண்ணாமலைத் திருமண மண்டபங்களில் மாலை வரவேற்பின்போது, ஒரு நாள் வாடகைக்கு எடுத்த கோட்டில் மணமகன் மேடையேறுகிறார். அத்துணியை அவர் பேணியதில்லை, அது குறிக்கும் பதவியும் பல வேளைகளில் அவருக்கில்லை, தோள்பட்டை சற்றே தொளதொளப்பாகவும் இருக்கிறது. ஆயினும் அவர் உண்மையாகவே அழகாகத் தெரிகிறார், அவரை நாள்தோறும் பார்த்துப் பழகிய தாய்க்கும் தெருவாருக்கும்கூட. அக்கறை, அதிகாரம் என்ற இரண்டாலும் விளக்க முடியாத அந்த அழகு துணியிலிருந்து வருகிறதா, அன்று எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து வருகிறதா என்பதை உறுதியாகச் சொல்ல இயலவில்லை.