தர்மத்தை அளந்த கோல்

வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் வைத்துவிட்டுப் போன அளவுகோல் நம்மிடம் இருக்கிறதா? காலனிய நீக்கச் சிந்தனை என்று இன்று பேசப்படுவதன் சாரம் இந்தக் கேள்விதான். ஆட்சி நீங்கினாலும், எது அறிவு, எது நியாயம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவ்வளவு எளிதில் நீங்குவதில்லை என்று பெரு நாட்டு அறிஞர் அனிபால் கிஹானோ போன்றோர் எழுதினார்கள்.

குருபரப்பள்ளிப் பக்கத்தாருக்கு இது தூரத்துச் சங்கதியல்ல. கிருஷ்ணகிரி அடங்கிய பாராமஹால், 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியார் வசமாயிற்று. அலெக்ஸாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். நூறாண்டு கழித்து ஆங்கில ஆட்சி நமது தர்மத்தையும் அளக்கத் துணிந்தது.

ஒருவர் தம் சொத்தை வக்ஃபு செய்து, வருமானம் தம் சந்ததியாருக்கும், சந்ததி அற்றுப்போனால் ஏழைகளுக்கும் சேர வேண்டும் என்று எழுதி வைப்பது ‘வக்ஃபு அலல் அவ்லாத்’. குடும்பத்தாருக்குச் செலவிடுவதும் ஸதகாவே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இலண்டன் பிரிவி கவுன்சில் நீதிபதிகளுக்கோ, தர்மம் என்றால் அது வெளியாருக்குக் கொடுப்பது. கல்கத்தாவிலிருந்து மேல்முறையீடாகப் போன வழக்கில், ஏழைகளின் பங்கு வெறும் பெயரளவுக்கே என்று கூறி, 1894ல் அத்தகைய வக்ஃபு செல்லாதென்றார்கள். வக்ஃபு என்ற சொல் ஷரீஅத்துடையது. பொருள் மட்டும் இங்கிலாந்துடையது!

கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சையத் அமீர் அலி முன்பே இதில் மாறுபட்டு எழுதியிருந்தார். மௌலானா ஷிப்லி நுஃமானி உலமாக்களின் ஆதரவைத் திரட்டினார். முகம்மது அலி ஜின்னா 1911ல் மசோதா கொண்டுவந்தார். 1913ல் அது சட்டமாயிற்று. வைஸ்ராயின் சட்டசபைக்குள்ளேயே பொறுமையாக நடந்த காரியம் அது. கிளர்ச்சி என்றால் கொடி பிடிப்பதுதான் என்றிருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால், நம்முடையது என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடுமா? கடன்காரரிடமிருந்து சொத்தைத் தப்புவிக்க வக்ஃபு எழுதியவர்கள் இருந்தார்கள். ஆண் சந்ததிக்கு மட்டும் என்று எழுதி, பெண்மக்களை விட்டவர்களும் முஸ்லிம் உலகில் இருந்தார்கள். மகளுக்குரிய பங்கைத் திருக்குர்ஆன் (4:11) விதித்திருக்க, அந்தப் பத்திரங்களுக்கு எந்த வெள்ளைக்காரன் மீது பழி சொல்வது?

சிரியா 1949லும் எகிப்து 1952லும் குடும்ப வக்ஃபை ஒழித்தன. ஒழித்தவர்கள் முஸ்லிம்களே. அநீதியைக் கண்டு ஒழித்தார்களா, ஐரோப்பியர் கண்ணால் பார்த்து ஒழித்தார்களா என்று இன்றும் வாதிக்கலாம்.