பயத்தில் பிறக்கும் பத்தியம்

உடம்புக்கு வந்த ஓர் ஆபத்தைக் கண்டு அஞ்சி எடையைக் குறைக்க ஒருவர் எடுக்கும் முடிவு மருத்துவத்தோடு நின்றுவிடுவதில்லை. பயத்தில் பிறந்த உறுதி நிலைக்குமா, நல்லது இன்னதென்று தெரிந்தும் மனிதர் தவறுவது ஏன், உடலை அடக்குவதா பேணுவதா என்ற மூன்று பழைய கேள்விகள் அதில் அடங்கியிருக்கின்றன. சமயங்களும் மெய்யியல் மரபுகளும் இவற்றைப் பல இடங்களில் சோற்றை முன்வைத்தே ஆராய்ந்திருக்கின்றன.

எச்சரிக்கை ஒருவருக்கு நெஞ்சுவலியாக வரும்; இன்னொருவருக்கு ரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண்ணாக வரும். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 23-ஐ எட்டினாலே கூடுதல் எடை, 25-ஐ எட்டினால் பருமன் என்று இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-இல் வரையறுத்தனர். இந்த எண்கள் ஒரே இரவில் ஏறுவதில்லை. பல ஆண்டுகளாக உடம்பில் நடந்துவந்தது, தாளைக் கையில் வாங்கும் நாளில்தான் மனத்தில் உறைக்கிறது.

நிலைக்காத வைராக்கியம்

நிலைக்காத வைராக்கியம் மூன்று என்பது வழக்கு: புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம். கதாகாலட்சேபம் கேட்கும்போது துறவே மேல் என்று தோன்றும். பந்தல் கலைந்ததும் அதுவும் கலையும். பேறுகால வலியில் இனிப் பிள்ளையே வேண்டாம் என்று தோன்றும். சுடுகாட்டில் நிற்கும்போது இருப்பதெல்லாம் வீண் என்று தோன்றும். குளித்துக் கரையேறினால் கடன் பாக்கி நினைவுக்கு வரும். காரணம் கண்ணெதிரே இருக்கும்வரைதான் மூன்றுக்கும் ஆயுள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுக்கும் பத்திய முடிவு மயான வைராக்கியத்தோடு சேர்வது. வலி நின்று, மாத்திரையால் எண்கள் இறங்கி, பார்க்க வருவோரும் குறைந்தபின் பயத்துக்குப் பிடிமானம் இல்லை. மனத்தை அடக்க இரண்டு வேண்டும் என்கிறது பதஞ்சலியின் யோக சூத்திரம்: அப்பியாசம், வைராக்கியம். அப்பியாசம் நெடுங்காலம், விட்டுவிடாமல், மதிப்போடு செய்தால்தான் வேர்பிடிக்கும் என்பதும் அந்நூலின் கருத்து. பயம் வைராக்கியத்தைக் கொண்டுவரும். அது கலைவதற்குள் ஒரு பழக்கத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

தெரிந்தும் தவறுதல்

நல்லதை உண்மையாக அறிந்தவர் அதற்கு மாறாக நடக்க மாட்டார் என்பது பிளேட்டோவின் ‘புரோட்டகோரஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் முன்வைக்கும் வாதம். அரிஸ்டாட்டில் ‘நிக்கோமக்கிய அறவியல்’ ஏழாம் பகுதியில் இதை மறுபரிசீலனை செய்கிறார். ஆசைப்பட்டும் அதை வென்று நிற்பவர், ஆசையிடம் தோற்பவர், ஆசையே அளவோடு அமைந்துவிட்டவர் என்று மனிதரை அவர் பிரித்துப் பார்க்கிறார். கல்யாணப் பந்தியில் மூவரின் இலையிலும் ஜாங்கிரி விழுகிறது. ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுக்குகிறார். ஒருவர் “இன்று மட்டும்” என்று எடுக்கிறார். மூன்றாமவர் ஒரு விள்ளல் தின்றுவிட்டு ரசத்துக்குக் காத்திருக்கிறார். எடை குறைக்கத் தொடங்குவோர் முதலாமவராக இருக்க முயல்கின்றனர். அரிஸ்டாட்டில் குறிவைப்பது மூன்றாமவரை.

தோற்பவரின் அறிவு எத்தகையது என்பதற்கு அவர் தரும் விளக்கம் கூர்மையானது. குடிபோதையில் இருப்பவரும் மெய்யியலாளர் எம்பிடோக்ளிஸின் பாடல்களை ஒப்பிக்க முடியும். ஆனால் அந்த நேரத்தில் அந்த அறிவு அவரிடம் வேலை செய்வதில்லை. எந்தப் பலகாரத்தில் எத்தனை கலோரி என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது வடையை எடுப்பவரின் நிலையும் இதுவே. கூடுதல் தகவலால் அவர் மாறுவதில்லை. நல்லதை விரும்பும் குணம் திரும்பத் திரும்பச் செய்வதால்தான் உருவாகும் என்று அரிஸ்டாட்டில் சொல்வதன் பொருள் இங்கே விளங்கும்.

விட்டுவிட முடியாத பொருள்

மற்ற ஆசைகளிலிருந்து உணவு ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. மதுவையும் புகையிலையையும் அடியோடு நிறுத்திவிடலாம். சோற்றை நிறுத்த முடியாது. புனித அகஸ்டின் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் பத்தாம் பகுதியில் இந்தச் சிக்கலை அலசுகிறார். உணவை மருந்துபோல உண்ண அவர் கற்றுக்கொண்டார். ஆயினும் பசியிலிருந்து நிறைவுக்குச் செல்லும் அந்த இடைவழியே இன்பமாக இருக்கிறது. உடம்புக்குப் போதுமானது நாக்குக்குப் போதுவதில்லை. எங்கே தேவை முடிந்து ஆசை தொடங்கியது என்பது உண்பவருக்கே தெரிவதில்லை. ஆகவே உணவில் முழுத் துறவு என்ற எளிய வழி அடைபட்டுக் கிடக்கிறது. ஒவ்வொரு வேளையும் எல்லையைப் புதிதாக வகுக்க வேண்டியிருக்கிறது.

சமண மரபும் இதை வேறொரு கோணத்தில் அறிந்திருந்தது. புறத்தவங்கள் ஆறில் முற்றும் உண்ணாமையை முதலாவதாகவும், வயிறு நிறையும் முன் நிறுத்திக்கொள்வதை இரண்டாவதாகவும் தத்துவார்த்த சூத்திரம் வைக்கிறது. குறைத்து உண்பதும் உண்ணா நோன்பைப் போலத் தனியொரு தவம் என்பது இதனால் தெரிகிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும் ஒரு பங்கை நீருக்கும் ஒரு பங்கை மூச்சுக்கும் விட வேண்டும் என்பது நபிமொழித் தொகுப்புகளில் காணப்படும் அறிவுரை.

கோசல மன்னனின் கடைசிக் கவளம்

பழைய நூல்களில் எடை குறைப்பின் மிகத் தெளிவான பதிவு பௌத்தருடையது. கோசல நாட்டு மன்னன் பசேனதி துரோணம் என்ற பெரிய அளவுச் சோற்றை உண்டு, மூச்சு வாங்க வாங்கப் புத்தரிடம் வந்து உட்கார்ந்ததாகப் பாலி மொழியிலுள்ள சம்யுத்த நிகாயம் கூறுகிறது. புத்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அளவறிந்து உண்பவருக்கு உடல் துன்பம் குறையும், மூப்பு மெல்ல வரும் என்ற கருத்தில் ஒரு செய்யுள் சொன்னார். மன்னனுக்குப் பின்னால் நின்றிருந்த சுதஸ்ஸனன் என்ற இளைஞனை அழைத்து, அச்செய்யுளைப் புத்தரிடம் பாடம் பண்ணி உணவு வேளைதோறும் தனக்குச் சொல்லும்படி பசேனதி ஏற்பாடு செய்தான். கூலி நாளொன்றுக்கு நூறு காசு. மன்னனின் உணவு படிப்படியாகக் குறைந்து நாழிச் சோற்றில் வந்து நின்றது.

உரை நூல்கள் இதில் ஒரு நுட்பத்தைச் சேர்க்கின்றன. செய்யுளைச் சாப்பாட்டின் தொடக்கத்தில் சொல்லக்கூடாது. மன்னன் கடைசிக் கவளத்தைக் கையில் எடுக்கும்போது சொல்ல வேண்டும். அவன் அந்தக் கவளத்தைக் கீழே வைப்பான். அதில் எத்தனை சோற்றுப் பருக்கை இருக்கிறதோ, மறுவேளை உலையில் அத்தனை அரிசியைக் குறைத்துப் போட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் மன உறுதிக்கு வைத்திருக்கும் சுமை மிகச் சிறியது. ஒரு வேளைக்கு ஒரு கவளம்தான் இழப்பு. எல்லையை நினைவூட்டும் வேலை பசித்தவனிடம் இல்லை, பக்கத்தில் நிற்பவனிடம் இருக்கிறது. குறைப்பது இலையில் நடப்பதில்லை, அடுக்களையில் நடக்கிறது. கண்ணெதிரே இல்லாத சோற்றோடு யாரும் போராட வேண்டியதில்லை. உடல் இளைத்த பின் மன்னன் தன் கைகால்களைத் தடவிப் பார்த்து, இம்மை நன்மை, மறுமை நன்மை இரண்டையும் புத்தர் தனக்குத் தந்தார் என்று மகிழ்ந்ததாகச் சூத்திரம் முடிகிறது. உடல்நலமும் ஆன்ம நலமும் அங்கே ஒரே பயிற்சியின் இரு பலன்கள்.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமான ‘மருந்து’ பெரும்பாலும் உணவைப் பற்றியே பேசுகிறது. முன் உண்டது செரித்ததை அறிந்து அளவாக உண்பவருக்கு மருந்தே தேவையில்லை என்பது அதன் நிலைப்பாடு. அதன் இறுதிக் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து கவனிப்பவரையும் மருத்துவத்தின் நான்கு பகுதிகளில் ஒன்றாகச் சேர்க்கிறது. சுதஸ்ஸனன் செய்த வேலை இந்த நான்காவது.

எவருடைய அளவு

வெனிஸ் நாட்டுப் பிரபு லூயிஜி கொர்னாரோ விருந்திலும் மதுவிலும் திளைத்து, நாற்பதை எட்டுமுன்பே நோயில் விழுந்தார். ஒழுங்கான வாழ்வுக்கு மாறாவிட்டால் சில மாதங்களில் சாவுதான் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டனர். நாளுக்கு 12 அவுன்ஸ் உணவு, 14 அவுன்ஸ் திராட்சை மது என்று அவர் தமக்கு ஓர் அளவு வகுத்துக்கொண்டார். முதுமையில் வீட்டாரின் வற்புறுத்தலால் இரண்டையும் இரண்டிரண்டு அவுன்ஸ் கூட்டியபோது காய்ச்சலில் படுத்ததாக எழுதுகிறார். அளவான வாழ்வைப் பற்றிய அவருடைய நூல் 1558-இல் பதுவாவில் வெளிவந்தது. 1566-இல் முதிர்ந்த வயதில் அவர் இறந்தார். நூலோ பல நூற்றாண்டுகள் வாசிக்கப்பட்டது.

நீட்சே 1889-இல் வெளிவந்த ‘விக்கிரகங்களின் அந்திப்பொழுது’ நூலில் கொர்னாரோவின் வாதத்தைத் தாக்கினார். குறைவாக உண்டதால் கொர்னாரோ நெடுநாள் வாழ்ந்தார் என்பது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிய பிழை. அவருடைய உடல் மெதுவாக எரிக்கும் உடல், அதனால்தான் அவருக்குக் குறைந்த உணவு போதுமானதாயிற்று என்பது நீட்சேயின் வாதம். தம் உடம்புக்குப் பொருந்தியதை உலகத்துக்கே விதியாக்கும் ஒவ்வொரு பத்திய நூலுக்கும் இந்தக் கண்டனம் பொருந்தும். அரிஸ்டாட்டிலும் நடுநிலை என்பது எண்கணிதச் சராசரி இல்லை என்று எச்சரித்திருக்கிறார்: பத்து மினா எடை உணவு அதிகம், இரண்டு குறைவு என்பதால் எல்லோருக்கும் ஆறு என்று பயிற்சியாளர் விதிக்க மாட்டார், அது மல்லன் மைலோவுக்குக் குறைவு, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவருக்கு அதிகம். ஆகவே அளவு வேண்டும் என்பது பொதுவிதி. எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு.

உடல் பகையா

பயந்தவர் உடம்பைத் தண்டிக்கத் தொடங்குவதும் உண்டு. ஆறாண்டுக் கடுந்தவத்தில் எலும்பும் தோலுமான சித்தார்த்தர், அது வழியில்லை என்று கண்டு உணவை ஏற்றார் என்பது பௌத்தத்தின் அடிப்படை வரலாறு. மிகுதியாக உண்பவருக்கும் உண்ணாமலே இருப்பவருக்கும் யோகம் கைகூடாது என்று பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. திருமூலரோ உடம்பை இழிவாக எண்ணிய முந்தைய நிலையை விட்டு, இறைவன் குடியிருக்கும் இடமாகக் கண்டு அதைப் பேணியதாகச் சொல்கிறார். இந்தப் பார்வையில் எடை குறைப்பது பேணுதலின் ஒரு பகுதி. வெறுப்புக்கு அதில் இடமில்லை.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியஸ், மனத்தைக் கெடுக்கும் எட்டு எண்ணங்களில் பெருந்தீனியை முதலில் வைத்தார். ஆனால் அவர் அதை விவரிக்கும் விதம் எதிர்பாராதது: வயிறு, கல்லீரல், மண்ணீரல், நெடுநோய், மருத்துவர் கிடைக்காமை என்று துறவியைக் கவலைப்பட வைக்கும் எண்ணமே அது. தட்டை நிரப்புவது மட்டுமன்றி, நாள் முழுதும் உடம்பையே நினைத்துக்கொண்டிருப்பதும் உணவுக்கு அடிமையாவதுதான். வேளைக்கு ஒருமுறை எடை பார்ப்பவருக்கும் இது பொருந்தும்.

ஆறாம் நூற்றாண்டுப் போப்பாண்டவர் கிரகோரி, வேளைக்கு முன் உண்பது, ஆடம்பரமாக உண்பது, மிகுதியாக உண்பது, அவசரப் பேராசையோடு உண்பது, பக்குவம் பார்த்துப் பார்த்து உண்பது எனப் பெருந்தீனியை ஐந்தாகப் பகுத்தார். குற்றம் உண்ணும் முறையில் இருக்கிறது, உடல் வடிவத்தில் இல்லை. ஒல்லியானவரும் பெருந்தீனிக்காரராக இருக்கலாம்; பருத்தவர் அளவாகவே உண்பவராக இருக்கலாம். மரபணு, தைராய்டு, சில மருந்துகள், உறக்கக் குறைவு ஆகியவையும் எடையைக் கூட்டும் என்று இன்றைய மருத்துவம் அறிந்திருக்கிறது. பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் 1994-இலும், பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலின் 1999-இலும் கண்டறியப்பட்டன. எடை குறைந்து ஓராண்டு ஆன பின்னும் பசியைக் கூட்டும் மாற்றங்கள் உடலில் நீடிப்பதை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே எடை திரும்புவதை ஒழுக்கக்கேடு என்று தீர்ப்பிடுவது பிழை. நேற்றைய எடைக்குப் பழி சுமத்துவது வேறு, நாளைய வேளைக்குப் பொறுப்பேற்பது வேறு.

இன்றைய வடிவம்

2002-இல் முடிவுகள் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட உடலுழைப்பு என்ற சிறு இலக்குகளை வைத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசகரையும் அமர்த்தியது. நீரிழிவு உண்டாவது 58 சதவீதம் குறைந்தது. பசேனதிக்குச் செய்த ஏற்பாட்டின் இரு கூறுகள், படிப்படியான குறைப்பும் உடனிருப்பவரும், இதிலும் இருந்தன. சென்னையிலிருந்து நடத்தப்பட்டு 2006-இல் வெளியான இந்திய ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றம் நீரிழிவு அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தது. அங்கே எடை பெரிதாக இறங்காமலே இந்தப் பயன் கிடைத்தது. எடை இயந்திரத்தின் முள் மட்டுமே அளவுகோல் ஆகாது என்பதற்கு இது சான்று.

பசியைத் தணிக்கும் செமகுளுடைட் போன்ற மருந்துகள் பழைய கேள்வியைப் புதிதாக்கியிருக்கின்றன. ஊசி போட்டதும் ஒருவருக்கு ஆசையே தணிந்துவிட்டால் அவரை அரிஸ்டாட்டிலின் மூன்றாமவர் எனலாமா? வெளித்தோற்றத்தில் இருவருக்கும் போராட்டம் இல்லை. ஆனால் ஒருவரிடம் அமைதி பழக்கத்தால் வந்தது, மற்றவரிடம் மருந்தால் வந்தது. மருந்தை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஓர் ஆய்வு கண்டது. இதனால் மருந்தை நாடுவது கோழைத்தனம் ஆகிவிடாது. தேவைப்படுவோருக்கு அது சிகிச்சை. மருந்தும் பயத்தைப் போல ஓர் அவகாசத்தைத் தருகிறது. பயம் தரும் அவகாசம் சில வாரம், மருந்து தருவது அதைவிட நீண்டது. இரண்டிலும் அந்தக் காலத்துக்குள் உலையில் போடும் அரிசியின் அளவும், உண்ணும் வேளையும், உடனிருந்து நினைவூட்டும் ஆளும் அமைந்துவிட்டால் பத்தியம் வழக்கமாகும். அமையாவிட்டால் அடுத்த எச்சரிக்கை வரும்வரை அது தள்ளிப்போகும்.