இடது கை

கார்த்திகை தீபத்தன்று மாலை, மலையில் தீபம் ஏறுவதற்குச் சற்று முன், அண்ணாமலையார் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடி வெளியே வருவார். வருஷத்துக்கு ஒரு தடவை, சில நிமிஷம்தான். இடப்பாகத்தை அம்மன் தவமிருந்து வாங்கினாள். அவளுக்கு அந்த உருவம் கிடைக்க, இன்னொருவர் தன்னில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கூட்ட நெரிசலில் இது யாருக்கும் நினைவு வராது.

*

அதே கோயிலில் கிளிக் கோபுரம். அரசனின் கண்பார்வைக்காகப் பாரிஜாத மலர் கொண்டுவர, அருணகிரிநாதர் தன் உடலைக் கிடத்திவிட்டுச் செத்த கிளியின் உடலுக்குள் புகுந்து பறந்தார் என்பது கதை. திரும்பி வருவதற்குள் இங்கே உடலை எரித்துவிட்டார்கள். கிளியாகவே தங்கிவிட்டார். பாட்டு நிற்கவில்லை. நாக்கு மாறினால் என்ன என்கிறது கதை.

*

காரைக்கால் அம்மையார் கேட்டதுதான் எல்லோரையும் விடத் துணிச்சல். கணவனுக்காகச் சுமந்த தசையை உதறித் தரவேண்டும், பேய் வடிவம் போதும். அழகு சிகிச்சைக்குக் கடன் வாங்கும் காலத்தில் அவரை யாரிடம் சொல்லிப் புரியவைப்பது?

*

ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையோரம், கிரிவலத்தின் நடுவில் காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு அம்மாக்கள்.

"புதுசா ஒடம்பு குடுத்தா என்னக்கா கேப்ப?"

"முட்டி ரெண்டும். வேற ஒண்ணும் வேணாம்."

"எனக்கு இந்தச் சக்கர போனாப் போதும்."

இறக்கை கேட்கவில்லை. இருப்பதைச் சரிசெய்து கொடுத்தால் போதும். பதினான்கு கிலோமீட்டர் நடப்பவர்களின் ஆசை இவ்வளவுதான். இருபது வயதில் நான் உயரம் கேட்டிருப்பேன்.

*

ரமணருக்கும் முழங்காலில் வாதம், தடியூன்றித்தான் நடந்தார். 1948 கடைசியில் இடது முழங்கைக்குக் கீழே சின்னக் கட்டி ஒன்று கிளம்பியது. 1949 பிப்ரவரியில் அறுத்து எடுத்தார்கள். மார்ச்சில் மறுபடியும். ஆகஸ்டில் மூன்றாம் தடவை, டிசம்பரில் நான்காம் தடவை. சார்கோமா என்னும் புற்று. கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டார். உடம்பே ஒரு நோய், அது தன் போக்கில் முடியட்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு முடிந்தது.

உடம்பை வெறுத்த துறவியின் பேச்சு இது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆங்கில வைத்தியம், ஆயுர்வேதம், ஹோமியோபதி என்று அன்பர்கள் யாரை அழைத்து வந்தாலும் கையை நீட்டினார். கட்டுப் போட்ட கையோடு தரிசனம் கொடுத்தார். இன்ன மருந்துதான் வேண்டும் என்று அவராகக் கேட்கவில்லை. கையையே வெட்டுவதற்கு மட்டும் தலையசைக்கவில்லை.

1896-ல் பாதாள லிங்கக் குகையில், தொடையைப் பூச்சி அரித்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்த பையனும் இவர்தான். ஊர் அந்தப் பையனைத்தான் அதிகம் வியக்கிறது. இரண்டில் எது கடினம் என்று என்னைக் கேட்டால், வந்த வைத்தியர்களுக்கெல்லாம் கையை நீட்டிக் கொடுத்ததைத்தான் சொல்வேன்.