கோல் பிடிக்கக் கூலியா?

மேலப்பாளையத்து அன்பர் ஒருவர் சென்ற மாதம் அஸருக்குப் பின் என்னிடம் வந்தமர்ந்தார். சென்னைக் கல்லூரியில் பயிலும் அவருடைய மகனுக்குப் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் நாட்டமாம். பயிற்றுநருக்குக் கொடுக்க மாதம் 3,000 ரூபாய் கேட்கிறானாம். "ஹஜ்ரத், கோலால் பந்தைத் தட்டுவதற்கும் ஓர் உஸ்தாதா?" என்றார்.

சிரித்துவிட எனக்கு மனம் வரவில்லை. கற்பித்துக் கூலி பெற்றே முப்பதாண்டுகள் குடும்பம் நடத்தியவன் நான். குர்ஆன் ஓதிக்கொடுக்கக் கூலி பெறுவதையே ஹனபி மத்ஹபின் முன்னோர் மறுத்தனர். பின்னோர் காலத்தின் தேவை கருதி இசைந்தனர். கூலிக்கு அமர்த்துவதாயின், பெறும் பயன் ஆகுமானதாகவும் இன்னதென்று அறியப்பட்டதாகவும் இருக்க வேண்டுமென்பது ஃபிக்ஹு நூல்களின் நிபந்தனை. விளையாட்டும் ஒரு பயனா? பாடம் முடித்த சிறுவனை விளையாட விடாமல் தடுப்பது அவன் உள்ளத்தைச் சாகடிக்கும் என்னும் கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள். எனவே அது கிடக்கட்டும். அறியப்பட்ட பயன் எது என்பதே கேள்வி.

பத்தமடையில் கோரையை ஊறவைத்துக் கீறிப் பட்டுப்பாய் நெய்யும் நம் பெண்மக்கள் தாயின் தறியருகே அமர்ந்தே தொழில் கற்றவர்கள். மகளின் விரல் பிசகினால் தாயின் கண் அதைக் கண்டுவிடும். கட்டணம் எதற்கு? பன்னிரண்டடி நீள மேசையில் ஆடும் இவ்வாட்டத்துக்கோ நம் வீடுகளில் அத்தகைய தாய் இல்லை. குனிந்து கோலைச் செலுத்தும் கணத்தில் தலை சற்றே நிமிர்ந்தாலும் அடி வழுவும். ஆடுபவன் பந்தைப் பார்ப்பான். தன் தலையை எவ்வாறு பார்ப்பான்? ளாத் எழுத்தைப் பிழையாக உச்சரிக்கும் மாணவனுக்கும் தன் பிழை காதில் விழுவதில்லை. பிழை பழகிப்போன நாவைத் திருத்துவது எத்தனை பாடு என்பதை நானறிவேன். ஆக, பையன் விலைக்கு வாங்குவது இன்னொருவரின் கண்ணை.

1958இல் கல்கத்தாவில் உலகப் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸ் பிற்காலத்தில் பயிற்றுநராகி, 1996இல் துரோணாச்சாரியார் விருது பெற்றார். உலகப் பட்டங்கள் பல குவித்த பங்கஜ் அத்வானியும் பெங்களூரில் அரவிந்த் சவூரிடம் பயின்றவரே. நம் பையன் அத்வானியாகப் போவதில்லை. அவனுக்கு மூன்று மாதப் பாடமே மிகை. அதன் பின்னும் உஸ்தாத் இன்றி ஆட இயலாதெனில், கோளாறு உஸ்தாதிடமோ பையனிடமோ இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லி முடித்த பிறகே, அன்பர் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்: மேசை வாடகையைத் தோற்றவனே கொடுப்பது அங்கே வழக்கமாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாடக் கூலியைப் பற்றி இத்தனை ஆராய்ந்த நாங்கள் இதை வாசலில் விட்டுவிட்டோமே! இருவர் தத்தம் பங்கு வாடகையைப் பந்தயமாக வைத்து, வென்றவன் இலவசமாக ஆடிச் செல்வதற்கு எந்தப் பெயர் சூட்டினாலும் அது சூதுதான். வாடகையை ஆளுக்குப் பாதியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். தோழர்கள் இசையாவிட்டால் அந்த மேசையை விட்டு அவன் எழட்டும் என்றேன்.

அன்பர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். "சென்ற மாதம் தோற்ற வகையில் போனதே மூவாயிரத்துக்கு மேலிருக்கும், ஹஜ்ரத்" என்று சொல்லி, மகனுக்குத் தொலைபேச எழுந்தார்.