தர்மத்தின் கேள்வியும் சட்டத்தின் எல்லையும்

கருவில் வளரும் உயிரை அழிக்கலாமா? இதற்கு நமது சாஸ்திரங்கள் தயக்கமின்றி விடை கூறியுள்ளன. அச்செயலுக்கு ‘ப்ரூணஹத்தி’ என்று பெயரிட்டு, கொடிய பாவங்களுள் ஒன்றாக ஸ்மிருதிகள் அதை வைத்துள்ளன. ஆயினும் மற்றொரு கேள்வி எஞ்சி நிற்கிறது. சமயம் பாவம் என்று கூறுவதையெல்லாம், பல சமயத்தவர் வாழும் நாட்டின் சட்டம் குற்றம் என்று தண்டிக்க வேண்டுமா?

கொல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையில் அமைந்த கார்டன் ரீச், இக்கேள்வியின் கனத்தை உணர்த்தும் இடமாகும். அரசை இழந்த அவத் நவாபு வாஜித் அலி ஷா 1856-இல் இப்பகுதியில்தான் குடியேறினார். இன்று அங்கு முஸ்லிம்களும் இந்துக்களும் அருகருகே வாழ்கின்றனர். துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் வெளியூர் மக்களையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தன. ஆனால், உயிர் கருவை அடைவது எப்போது? ஏழாம் மாதத்தில் என்கிறது கர்ப்ப உபநிஷதம். நூற்றிருபது நாட்களில் என்பது இஸ்லாமிய அறிஞர் பலரின் கருத்து. கருவுற்ற கணத்திலிருந்தே அதனை உயிராகப் போற்ற வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. இவற்றுள் ஒன்றை மட்டும் சட்டமாக்கினால், பிறருடைய மனசாட்சியின் மீது அது சுமையாகிவிடும்.

நவாபு வந்து சேர்ந்த அதே 1856-இல், அதே நகரில் இவ்விஷயத்திற்கு ஒளி தரும் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ஈசுவர சந்திர வித்யாசாகரின் பெருமுயற்சியால் அவ்வாண்டு ஜூலையில் விதவை மறுமணச் சட்டம் நிறைவேறியது. பராசர ஸ்மிருதியை ஆதாரமாகக் காட்டி வாதிட்ட அப்பெரியவர், இளம் விதவைகளிடையே மறைவில் நடந்துவந்த கருவழிப்பையும் வேதனையோடு சுட்டிக்காட்டினார். ஆனால் அப்பெண்களைத் தண்டிக்கும்படி அவர் கேட்கவில்லை. அவர்களை அந்நிலைக்குத் தள்ளிய தடையை நீக்கும்படியே கேட்டார். அச்சட்டம் எவரையும் மறுமணம் செய்யுமாறு வற்புறுத்தவில்லை. அடைத்திருந்த கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவே. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் 1882-இல் தாமே இல்லம் தேடிச் சென்று சந்தித்தது இந்தக் கருணைக் கடலைத்தான்.

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்தாலன்றிக் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. குற்றம் நிற்கவில்லை, மறைவிடங்களுக்குச் சென்றது. அதனால் தாய்மார் பலர் மடிந்தனர். 1964-இல் அமைந்த சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்தது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தம், குறிப்பிட்ட சில நிலைகளில் 24 வாரங்கள் வரை அதனை அனுமதிக்கிறது. மணமாகாத பெண்களுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம், 26 வாரங்கள் கடந்த ஒரு கருவைக் கலைக்க 2023-இல் அனுமதி மறுத்தது. தாயின் துயரையும் கருவின் உயிரையும் சட்டமும் தன்னால் இயன்றவரை சீர்தூக்கிப் பார்க்கிறது.

அனுமதிப்பது ஆமோதிப்பதாகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது. அரசு எதைத் தண்டிக்கலாம் என்பதோடு சட்டத்தின் எல்லை முடிகிறது. எது செய்யத் தக்கது என்ற கேள்வி அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. சட்டம் அனுமதிப்பதாலேயே ஒரு செயல் தர்மமாகிவிடாது. சுகத்தையும் வசதியையும் மட்டும் எண்ணி ஓர் உயிரின் வாய்ப்பைப் பறிப்பவர், தம் மனசாட்சிக்கு விடை கூறியே ஆக வேண்டும்.

ஆனால் தர்மம் அந்தப் பெண்ணை மட்டும் கேள்வி கேட்பதில்லை. கைவிட்ட ஆணையும், பெண் குழந்தை என்றால் முகம் சுளிக்கும் குடும்பத்தையும், பழி தூற்றும் ஊரையும் அது கேட்கிறது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து கூறுவதைத் தடுக்க 1994-இல் தனிச்சட்டமே தேவைப்பட்டது நமது சமுதாயத்தின் தலைகுனிவு அல்லவா?

ஆகவே, கருவழிப்பைப் பாவம் என்று உண்மையாகவே நம்புபவர் செய்யத் தக்கது வித்யாசாகர் செய்ததே. துயருற்ற தாய்க்கு இடம் தருவோம். பிறக்கும் குழந்தையை இகழாது ஏற்போம். எந்தத் தாயும் அஞ்சி அவ்வழியை நாடத் தேவையில்லாத சமுதாயத்தை உருவாக்குவதே சிவஞானத்துடன் செய்யும் ஜீவசேவை.