ஒரு கூடை வண்டல்

ஜனவரியில் வாங்கிய டைரியை எடுத்துக் கொஞ்சம் புரட்டிப் பாருங்களேன். எந்தத் தேதியோடு நின்றிருக்கிறது? என்னுடையது ஒரு வருடம் ஜனவரி 18.

டைரி போனால் போகிறது. அதே நாளில் நான் நடைப்பயிற்சிக்கு வாங்கிய ஷூவும் ஓய்வு பெற்றுவிட்டது. ‘சர்க்கரை எல்லையில நிக்குது, நடந்தே ஆகணும்’ என்று டாக்டர் சொல்லியிருந்தார். சர்க்கரையால் என் அம்மா கால் விரலை இழந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். பயமும் இருந்தது, அறிவும் இருந்தது. பதினெட்டு நாள் நடந்தேன். பத்தொன்பதாம் நாள் வெளியூரில் கல்யாணம். இருபதாம் நாள் கல்யாணம் இல்லை, ஆனாலும் போகவில்லை.

‘எனக்கு மன உறுதி போதாது’ என்று என்னையே திட்டிக்கொண்டு திரிந்தேன். அந்தத் திட்டில் அர்த்தமில்லை என்று எனக்குப் புரியவைத்தது ஓர் ஏரி.

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது தாமல். பெரிய ஏரி. டீ குடிக்க வண்டியை நிறுத்தியபோது பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

‘‘ஏரி ஒரே நாள்ல தூந்து போறதில்ல சார். தண்ணி வந்தா வண்டலும் கூடவே வரும். அத வராம பண்ண முடியாது. வருஷா வருஷம் கோடையில வூட்டுக்கு ஒரு ஆளு மம்முட்டியும் கூடையுமா எறங்கி அள்ளிப் போட்டா, ஏரி ஏரியா இருக்கும். ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’னு வுட்டா, அப்புறம் ஜேசிபி வந்தாலும் கஷ்டந்தான்!’’

கவனித்தீர்களா? வண்டல் சேர்ந்ததற்காக அவர் ஏரியைத் திட்டவில்லை. சோம்பலும் அப்படித்தான். வரும். வந்தால் அள்ளிப் போட ஏற்பாடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் குடிமராமத்து. இந்த வழக்கமான உழைப்பைக் கட்டாயமாக்க, 1858ல் மெட்ராஸ் மாகாணத்தில் சட்டமே போட்டார்கள். 2017ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. கைவிட்ட பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவது அத்தனை பாடு!

அதே மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தல் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஏரியைக் கவனிக்கவே தனி வாரியம், ஆறு பேர், 360 நாள் பதவி. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் விழாது. அவருடைய உறவினர் பெயரும் விழாது. ஓலையை எடுப்பது விவரமறியாத ஒரு சிறுவன். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும்!

அந்தச் சபையில் பெண்களுக்கும் மற்ற ஜாதியாருக்கும் இடமில்லை என்பதும் உண்மை. இருந்தவர்கள் எல்லாம் வேதம் படித்தவர்கள். ஆனாலும், ‘நல்லவர்தானே, பார்த்துக்கொள்வார்’ என்று விடவில்லை. மனிதன் எங்கே வழுக்குவான் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். இன்னொன்று: 919ல் போட்ட விதிகளை 921லேயே திருத்தினார்கள். ‘ஏற்பாடே வேண்டாம்’ என்று தூக்கிப் போடவில்லை.

‘விதி போட்டுச் செய்தால் அது நல்ல குணமா சார்? தானாக வர வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால், ராத்திரி பத்து மணிக்கு ‘நாளையிலிருந்து நடப்பேன்’ என்று சொல்கிற நானும், விடிகாலையில் போர்வைக்குள் இருக்கிற நானும் ஒரே ஆள் இல்லை. தெளிவாக இருக்கும்போது எடுத்த முடிவை, தெளிவில்லாத நேரத்துக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் விதி. அந்த முடிவு என்னுடையதுதானே? அப்படியானால் நடப்பதும் என்னுடையதுதான்.

இருபத்தோரு நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பார்கள். நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2010ல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக, சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம்: 18 நாளிலிருந்து 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் தெரிந்தது. என்னைக் கெடுத்தது அந்தக் கல்யாண நாள் இல்லை. ‘போச்சு, அவ்வளவுதான்’ என்று முடிவுகட்டிய மறுநாள்.

தாமலிலிருந்து திரும்பியதும் நானும் எனக்கொரு வாரியம் அமைத்தேன். ஷூ வாசலுக்கு வந்தது. எதிர்வீட்டு நண்பர் ஐந்தரைக்கு கேட்டில் நிற்பார். நடக்காத நாளில் காலண்டரில் காரணம் எழுத வேண்டும், அதுதான் கணக்கு. நடுவில் பதினோரு நாள் விட்டுப்போனது. நேரத்தை மாலைக்கு மாற்றித் திருத்திக்கொண்டேன். இப்போதும் சில நாள் தவறுகிறது. மறுநாள் போகிறேன்.

உங்கள் ஷூ எங்கே இருக்கிறது? இன்றைக்கு ராத்திரி தேடி எடுத்து, தூசி தட்டி, வாசலில் வையுங்கள். நடப்பதைப் பற்றி நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.